மண்ணின் கணக்கர் குமரப்பா

மதுரை மாநகரினின்று தென்மேற்கே செல்லும் நெடுஞ்சாலை திருமங்கலத்தைக் கடந்து, டி. கல்லுப்பட்டி என்னும் ஊரைத் தொட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக இராசபாளையத்தை அடைகின்றது. இச்சாலையிற் பலமுறை சென்று வந்த நம் மாணவர் பலர் உளர். ஸ்ரீவில்லிபுத்தூரைக் கண்டதும் வானளாவிய கோபுரமும், பெரியாழ்வார் பேணிய நந்தவனமும் நினைவுக்கு வருகின்றன. இராசபாளையத்தை அணுகியதும், 1949 முதல் 1952 வரை சென்னை ஆட்சித் தலைமையை ஏற்றிருந்த குமாரசுவாமி ராஜா அவர்களின் நினைவும், பஞ்சாலைகளின் ஒலியும் ஒருங்கே எழுகின்றன. ஆனால் கல்லுப்பட்டியைக் கடக்கும்பொழுது நம்மில் எத்துணைப் பேர் சன்னல் வழியே திரும்பிப் பார்க்கின்றோம்? அவ்வூரிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான், உலகறிந்த பொருளாதார அறிஞர் ஒருவர் தம் இறுதி நாட்களைக் கழித்தார். அவரே ஜே. சி. குமரப்பா.

அவரைப் பொருளாதார அறிஞர் என்று அறிந்தோர் பலர். காந்தியடிகளின் தொண்டர் என்று அறிந்தோரும் உளர். உழவன் வீட்டுக் குப்பையையும், நாம் பெயர் சொல்லவும் கூசும் கழிவையும் நாட்டின் வரவு செலவுக் கணக்கில் முதன்முதல் எழுதிவைத்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை அறிந்தோர் சிலரே. அந்தக் கணக்கைப் பற்றியே ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றேன்.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் சாலமோன் துரைசாமி கொர்னேலியஸ் அரசாங்கப் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் எஸ்தர் இராசநாயகம். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது. குமரப்பா என்னும் குடிப்பெயரைப் பிற்காலத்திலேதான் அவர் மேற்கொண்டார். சென்னையிற் கல்வி பயின்று, பின்னர் இலண்டன் சென்று கணக்காய்வுக் கலையிற் பட்டம் பெற்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். மேனாட்டு உடையும் மேனாட்டு நடையும் அவருக்கு இயல்பாயிருந்தன. கணக்கில் ஒரு காசு தவறினும் பொறாத உள்ளம் அவருடையது. அவ்வுள்ளமே பிற்காலத்தில் அவரை வேறொரு பாதையிற் செலுத்தியது.

அமெரிக்கா சென்ற அவர் 1928-ஆம் ஆண்டு சிராக்யூஸ் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். அதன்பின் நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, செலிக்மன் என்னும் பேராசிரியரிடம் பொதுநிதி இயல் பயின்றார். இந்தியா ஏன் வறுமையுற்றது என்பதுபற்றி ஒரு தேவாலயத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவு செய்தித்தாளில் வெளிவந்தது. அதைக் கண்ட பேராசிரியர், அப்பொருளையே ஆராயுமாறு அவரைத் தூண்டினார். ஆராயப் புகுந்த கணக்கர், ஆங்கில அரசாங்கம் இந்நாட்டினின்று எடுத்ததையும் இந்நாட்டுக்குத் திருப்பித் தந்ததையும் இருபுறமும் நிறுத்திப் பார்த்தார். எடுத்தது மிகுதி, தந்தது குறைவு. எங்கு எடுப்பது மிகுந்து கொடுப்பது குறைகின்றதோ, அங்கு வறுமை வந்தே தீரும் என்பது அவருக்கு அன்று தெளிவாயிற்று. இந்த ஒரு கருத்தே அவர் வாழ்நாள் முழுவதற்கும் அச்சாணியாயிற்று.

அவ்வாராய்ச்சியை ஏந்திக்கொண்டு 1929-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் அவர் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைக் காணச் சென்றார். பட்டு உடுப்பு அணிந்து சென்றவர், ஒரு மரத்தடியிற் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்கும் முதியவரைக் கண்டார். அவரே காந்தியடிகள் என்றறிந்ததும் தம் உடுப்பைப் பாராது தாமும் அத்தரையில் அமர்ந்தார். அன்று அமர்ந்தவர் அத்தரையைவிட்டு மீண்டும் எழவேயில்லை எனலாம். பம்பாய்த் தொழிலும் வருவாயும் அவரைவிட்டு அகன்றன. கதருடையும் கிராமமும் அவரைப் பற்றிக்கொண்டன.

காந்தியடிகள் அவரைக் குஜராத்திலுள்ள மாத்தர் வட்டத்துக்கு அனுப்பினார். குஜராத் வித்யாபீட மாணவரை உடன்கொண்டு, ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்களில் வீடு வீடாகச் சென்று, உழவர்தம் வரவையும் செலவையும் கடனையும் அவர் எழுதினார். ஏட்டிற் கற்ற பொருளாதாரம் புழுதியில் இறங்கி நடந்தது அப்பொழுதுதான். உப்பு அறப்போர்க் காலத்தில் காந்தியடிகளின் பத்திரிகையை நடத்திச் சிறையும் புகுந்தார். அந்நாளில் நிராயுதபாணிகளான மக்கள்மீது அடி விழுந்தபோது திருச்சபைத் தலைவர்கள் வாளாவிருத்தல் தகுமா என்று இந்தியாவின் பேராயர் வெஸ்ட்கட் அவர்களுக்கே எழுதிக் கேட்டார். திருச்சபைக்கு வெளியே நின்று அவர் இதைக் கேட்டிலர். அதன் மகனாக நின்றே கேட்டார். கிறிஸ்துவின் பெயரைத் தாங்குவோர் ஏழையின் பக்கம் நிற்றல் வேண்டும் என்பதில் அவர் என்றும் தளர்ந்ததில்லை.

1934-ஆம் ஆண்டு சனவரியிற் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. துயர்நீக்க நிதியின் கணக்கைக் காக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. அங்கு வந்த காந்தியடிகளின் பரிவாரத்துச் செலவை அந்நிதியினின்று கொடுத்தல் இயலாது என்று அவர் மறுத்துவிட்டார் என்பது பலரும் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி. குருவின் குழுவினராயினும், துயருற்றார்க்கென வந்த பணம் துயருற்றார்க்கே சேரவேண்டும் என்பது அவர் கணக்கு. காந்தியடிகள் அதை மெச்சினாரேயன்றி வெகுண்டாரல்லர்.

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் தோன்றியது. குமரப்பா அதன் செயலாளரானார். சங்கத்தின் இருப்பிடம் ஜம்னாலால் பஜாஜ் வழங்கிய தோட்டம். மகன்லால் காந்தியின் நினைவாக அது மகன்வாடி எனப் பெயர் பெற்றது. எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு ஆகியவை அங்கு வளர்ந்தன. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் விளக்கும், விறகைச் சிக்கனஞ் செய்யும் மகன் அடுப்பும் அங்குத் தோன்றின. கைத்தொழிலோடு கிராமத் துப்புரவும் சங்கத்தின் கடமையாக வைக்கப்பட்டது. மகன்வாடியில் வாழ்ந்தோர் தம் கழிப்பிடங்களைத் தாமே துப்புரவு செய்தனர். 1935-ஆம் ஆண்டு காந்தியடிகள் மகன்வாடியில் தங்கியிருந்தபோது, அருகிலுள்ள சிந்தி என்னும் சிற்றூருக்கு அவருடைய தோழர்கள் காலைதோறும் வாளியும் துடைப்பமும் ஏந்திச் சென்று, தெருவிற் கிடந்த மலத்தை எடுத்து வந்தனர். ஊரார் உடனே திருந்தினரல்லர். எடுப்பதற்கு ஆள் உண்டு என்று கண்டு, முன்போலவே தெருவை அசுத்தப்படுத்தி வந்தனர். துடைப்பத்தால் தெருவைத் தூய்மை செய்யலாம். உள்ளத்தைத் தூய்மை செய்ய வேறொன்று வேண்டும் என்பது அங்குப் புலனாயிற்று.

அவ்வேறொன்று யாது? கழிவு என்பது அருவருப்புக்குரிய பொருளன்று, உழவனுக்குரிய செல்வம் என்னும் அறிவே அது. இங்கேதான் குமரப்பாவின் கணக்கறிவு பயன்பட்டது. ஒரு நிலத்தில் விளைந்த நெல்லும் சோளமும் பருத்தியும் அந்நிலத்தின் சத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறுகின்றன. அது நிலத்தின் செலவு. உண்டதில் ஒரு பகுதி மனிதனிடமிருந்தும் மாட்டிடமிருந்தும் கழிவாக வெளிவருகின்றது. தாளும் தட்டையும் சருகும் களத்தில் எஞ்சுகின்றன. இவை நிலத்துக்குத் திரும்பின் கணக்கு நேராகும். சாணத்தை வரட்டியாக எரித்து, தட்டையைத் தீயிட்டு, மலத்தை ஓடைக்கரையில் விட்டெறியின், நிலம் ஆண்டுதோறும் கடனாளியாகின்றது. ஆங்கிலேயர் இந்நாட்டுக்குச் செய்தது எதுவோ, அதையே நாம் நம் நிலத்துக்குச் செய்கின்றோம். திருவள்ளுவர் உழுதலினும் எருவிடுதலை மேலாக வைத்தது எத்துணை ஆழ்ந்த கருத்து என்பது இக்கணக்கைப் பார்த்தபின் விளங்குகின்றது.

இதற்குரிய முறையும் அக்காலத்தே கண்டறியப்பட்டிருந்தது. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில அறிஞர் மத்திய இந்தியாவின் இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து, யஷ்வந்த் வாட் என்பாரின் துணையோடு, ‘கம்போஸ்டு’ என வழங்கும் கூட்டெரு முறையை வகுத்தார். இந்தூரும் நம் இராசபாளையத்தைப் போலவே பருத்தி விளையும் கரிசற் பூமி. பருத்திமார் எளிதில் மக்குவதன்று. ஹோவர்டு அதை வண்டிப் பாதையிற் பரப்பினார். சக்கரங்கள் ஏறி ஏறி அதை நொறுக்கின. நொறுங்கியதைச் சருகு, களை, வைக்கோல் இவற்றோடு ஓர் அடுக்காக இட்டு, அதன்மேற் சாணமும் மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணும் சாம்பலும் ஓர் அடுக்காக இட்டு, நீர் தெளித்து, இவ்வாறே அடுக்கிச் சென்றார். குவியல் சில நாளிற் கைபொறா வெப்பம் கொள்ளும். இரண்டு வாரத்தில் ஒருமுறையும், ஒரு மாதத்தில் ஒருமுறையும், இரண்டு மாதத்தில் ஒருமுறையும் புரட்டினால், மூன்று மாதத்திற் கருமையான, தீநாற்றமற்ற எரு கிடைக்கும். 1939-ஆம் ஆண்டு பெங்களூரில் ஆசார்யா என்னும் அறிஞர் நகரக் குப்பையையும் மலத்தையும் குழியில் மாறிமாறி இட்டு மூடும் முறையை வகுத்தார்.

இம்முறைகளில் உள்ள நயம் ஒன்றை நோக்குக. தட்டையும் வைக்கோலும் கரிச்சத்து மிகுந்தவை. தனியே கிடந்தால் மக்குவதற்கு நெடுநாள் செல்லும். மலமும் சாணமும் நைட்ரசன் சத்து மிகுந்தவை. தனியே கிடந்தால் நாறி ஈயை அழைக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று தீர்க்கின்றது. வைக்கோல் ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்கு இடந்தருகின்றது. மலம் வைக்கோலை மக்கச் செய்கின்றது. ஆகவே உழவன் களத்திற் கழித்த பொருளே அவன் ஊரின் துப்புரவுக்கு வேண்டிய பொருளாகின்றது. விலைகொடுத்து வாங்கவேண்டுவது ஏதுமில்லை.

உடல்நலமும் இதில் அடங்கியுள்ளது. வெளியிற் கிடக்கும் மலத்தினின்று கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணில் வளர்ந்து, வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகுந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றது. ஈயின் காலிலும் மழைநீரிலும் ஏறி, வாந்திபேதியும் சீதபேதியும் குடிநீருக்கும் உணவுக்கும் வருகின்றன. குவியலின் வெப்பம் 55 பாகைக்கு மேற்பட்டுச் சில நாள் நிலைபெற்றால் நோய்க்கிருமிகளும் புழுமுட்டைகளும் பெரும்பாலும் மடிகின்றன. ஆயினும் மனித மலம் சேர்ந்த எருவை நன்கு மக்குமுன் எடுத்தல் கூடாது. வெப்பமுறாத மூடிய குழியாயின் இன்னும் நெடுங்காலம் விட்டுவைத்தல் வேண்டும். பச்சையாக உண்ணும் கீரைக்கும் காய்க்கும் அதனை இடாதிருத்தலே நலம். மக்காத மலத்தை வயலுக்கு இடுதல் எருவிடுதலன்று, நோயை விதைத்தலாகும்.

குமரப்பாவின் நெஞ்சிலிருந்த மற்றொரு செய்தியையும் கூறாமல் விடுதல் இயலாது. நம் நாட்டிற் கழிவு ஏன் அருவருக்கத்தக்கதாயிற்று? அதை எடுப்பதற்கென்று ஒரு கூட்டத்தாரைப் பிறப்பினாலேயே பிரித்து வைத்தோம். கழிவைத் தொடுவோன் தாழ்ந்தவன் ஆனான். ஆகவே தாழாதிருக்க விரும்புவோன் கழிவைத் தொடலாகாது என்றாயிற்று. கழிவு எருவாகி நிலத்துக்குச் செல்லாமைக்கு அறியாமை ஒரு காரணம். இச்சாதிச் செருக்கு அதனினும் பெரிய காரணம். ஒவ்வொரு வீட்டாரும் தம் கழிவைத் தாமே மண்ணிட்டு மூடி எருவாக்குவாராயின், பிறர் கழிவைச் சுமக்கும் தொழிலே வேண்டாததாகிவிடும். தூய்மை இயக்கம் விடுதலை இயக்கமும் ஆவது இவ்விடத்தில்தான்.

1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தையொட்டி அவர் மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றொன்று இயேசு பெருமானின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. இரண்டும் 1945-ஆம் ஆண்டு காந்தியடிகளின் முன்னுரையோடு வெளிவந்தன. எடுத்துக்கொண்டே போகும் வாழ்வு அழியும்; எடுத்ததைத் திருப்பித் தரும் வாழ்வே நிலைக்கும் என்பது முதல் நூலின் உட்கிடை. பிறர்க்கெனத் தன்னைத் தருவதே வழிபாடு என்பது இரண்டாம் நூலின் உட்கிடை. கூர்ந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒரே நூலாகத் தோன்றும்.

நாடு விடுதலை பெற்றபின் காங்கிரசு நிலச்சீர்திருத்தக் குழுவின் தலைவராயிருந்து 1949-ஆம் ஆண்டு அறிக்கை அளித்தார். 1951-ஆம் ஆண்டு சீன நாட்டுக்குச் சென்று அந்நாட்டு உழவர் வாழ்வை நேரிற் கண்டார். மனிதக் கழிவையும் வீணாக்காது பன்னூறாண்டுகளாக நிலத்தின் வளத்தைக் காத்து வந்தவர்கள் அவர்கள். ஆனால் நம் நாடு அவர் காட்டிய வழியிற் செல்லவில்லை. பெருந்தொழிற்சாலைகளையும் இரசாயன உரத்தையும் நாடியது. அவர் சினங்கொண்டார், கடுஞ்சொற்களும் கூறினார். முன்கோபம் அவரிடத்திருந்த குறை என்பதை அவரை நேசித்தவர்களும் மறுப்பதில்லை. பெரிய பதவிகளை நாடாமல், உடல் நலிந்த நிலையில் அவர் கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார்.

1940-ஆம் ஆண்டு வேங்கடாசலபதி என்னும் காந்தித் தொண்டர் நிறுவிய ஆசிரமம் அது. இவ்வானம் பார்த்த பூமியிலே, திருமணமும் செய்துகொள்ளாத அப்பெருமகனார் ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். அவர் அறையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று காந்தியடிகளுடையது, மற்றொன்று ஓர் ஏழைக் கிராமத்தானுடையது. காண வந்தோர்க்கு முதற் படத்தைத் தம் தலைவர் என்றும், இரண்டாம் படத்தைத் தம் தலைவரின் தலைவர் என்றும் அவர் சுட்டிக் காட்டுவாராம். 1960-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் அவர் உயிர் நீத்தார்.

அவர் மறைந்து பல்லாண்டுகள் சென்றுவிட்டன. மனிதக் கழிவை மனிதர் அள்ளும் தொழிலைத் தடுக்க 1993-ஆம் ஆண்டிலும் 2013-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 2014-ஆம் ஆண்டு தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின்வழிச் சிற்றூர்களில் இரட்டைக் குழிக் கழிப்பிடங்கள் கட்டப்பட்டன. ஒரு குழி நிரம்பியபின் மூடிவைத்து மற்றொன்றைப் பயன்படுத்தின், மூடிய குழியிலுள்ளது காலப்போக்கில் எருவாகும் என்பதே அவற்றின் அடிப்படை. குமரப்பாவின் கணக்கு முற்றும் பொய்க்கவில்லை.

யான் பிறந்த சிற்றூர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அணித்தே உள்ளது. அறுவடை முடிந்ததும் எம்மூர்க் கரும்புச் சோகையும் பருத்திமாரும் எரிந்து எழும் புகையை யான் சிறுவயது முதலே கண்டிருக்கின்றேன். சென்ற கோடை விடுமுறையில், குமரப்பாவைப் படித்த ஊக்கத்தால், எம் வீட்டுப் பின்புறம் ஓர் எருக்குழி வெட்டினேன். சருகும் தட்டையும் சாணமும் இட்டேன். கழிப்பிடத்தின் மூடிய குழியைத் திறந்து மக்கியதை எடுக்கவேண்டிய நாளில், மண்வெட்டியைப் பற்றிய என் கை நின்றுவிட்டது. அக்குழியில் நாற்றமும் இல்லை, அருவருக்கத்தக்கது யாதும் இல்லை. கரிய மண்ணே இருந்தது. ஆயினும் என் கை முன்செல்லவில்லை. அச்சம் குழியில் இல்லை, என்னுள்ளே இருந்தது. என் தந்தையார் ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை வாங்கி வேலையை முடித்தார். சிந்தி ஊராரை எள்ளி நகைத்துப் படித்த யான் அன்று அவ்வூராருள் ஒருவனாயினேன்.

நற்செய்தி நூலில் ஓர் உவமை உண்டு. மூன்றாண்டு கனிகொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்னான் தோட்டத்துக்கு உரியவன். தோட்டக்காரனோ, இன்னும் ஓராண்டு விட்டுவைக்குமாறும், தான் அதனைச் சுற்றிக் கொத்தி எருவிடுவதாகவும் வேண்டிக்கொண்டான். கோயிலிற் பலமுறை கேட்ட அவ்வுவமையில் எருவைப்பற்றி யான் நினைத்ததேயில்லை. மரத்தைக் காப்பதற்கு அத்தோட்டக்காரன் நாடியது எருவையே. அவன் கை அதைத் தொடத் தயங்கியிருப்பின் மரம் வெட்டுண்டிருக்கும்.

நம் கல்லூரியிற் பயின்று நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் ஊர்களுக்குச் செல்லவிருக்கும் நண்பர்களே! கல்லுப்பட்டிச் சாலையிற் செல்லும்பொழுது ஒருமுறை இறங்கி அவ்வாசிரமத்தைக் காண்மின். பின்னர் உங்கள் ஊருக்குச் சென்று ஒரு குழி வெட்டுமின். வரும் விடுமுறையில் யானும் வெட்டுவேன். இம்முறை மண்வெட்டியைப் பிறர் கையிற் கொடேன்.